வேலையை விடாமல் எம்.ஏ. பொருளியல்: நெல்லைச் சீமையிலிருந்து படிப்பவர்களுக்கு

எம்.ஏ. எக்கனாமிக்ஸை வேலையோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கி நடுவில் விட்டவர்களைக் கேட்டால், இரண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்: கணக்கு இடித்தது, அசைன்மென்ட் தேதி போய்விட்டது. பொருளியல் பிடிக்காமல் விட்டவர்கள் குறைவு. அதனால் இங்கே கட்டணம் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது; கணக்குக்கும் நாள்காட்டிக்கும்தான் அதிக இடம். பாளையங்கோட்டையில் வங்கிக் கிளையிலோ, ஆலங்குளத்தில் தாலுகா அலுவலகத்திலோ, தூத்துக்குடி துறைமுகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் கைவசம் உள்ளவரை மனதில் வைத்து எழுதியது இது.

எதற்குப் படிக்கிறீர்கள்?

இதைத் தீர்க்காமல் சேர்ந்தால் பட்டம் கையில் இருக்கும், பயன் இருக்காது.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதுதான் குறி என்றால் எம்.ஏ. மட்டும் போதாது, பி.எட். வேண்டும். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்றும் பார்ப்பார்கள். பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. பொருளியல் படித்தவர் 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கப்படும் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கடைசி அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதிப் பத்தியை வரிவரியாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பக்கத்து வீட்டு சார் சொன்னார் என்பது இதில் செல்லாது.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுவதுதான் வழக்கமான வழி. அதற்கு முதுகலையில் 55 விழுக்காடு தேவை; கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50. தாளுக்குத் தாள் 40 வாங்கித் தேறிவந்தவருக்குப் பட்டம் கிடைக்கும், நெட் கதவு திறக்காது. நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எந்த மொழியில் படிப்பது என்ற கேள்விக்கு இது தேவைப்படும்.

இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை யூ.பி.எஸ்.சி. நடத்துகிறது. பொருளியல் முதுகலை கட்டாயம். வயது 21 முதல் 30 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. 28 வயதில் எம்.ஏ. தொடங்குகிறவர் இதை நம்பித் தொடங்க வேண்டாம்.

சம்பள உயர்வுக்காகப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'இன்சென்டிவ் கிடைக்கும்' என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வது அவர்கள் காலத்துக் கணக்கு. உயர்கல்விக்காக முன்ஊதிய உயர்வு தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இப்போது உங்கள் துறையில் என்ன நடைமுறை என்பதை அலுவலக எழுத்தரிடம் ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டு இளங்கலை என்ற வரிசையில் படிக்காமல், பன்னிரண்டைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களின் தகுதியை அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்று 2009லேயே ஆணை இருக்கிறது. அடித்தளம் அப்படி இருந்தால் மேலே எம்.ஏ. கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

எங்கே சேர்வது

அபிஷேகப்பட்டியில் 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்விப் பிரிவு இருக்கிறது. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தமிழ்வழிக்குப் பெயர்பெற்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்திய அரசின் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கிறது; அங்கே எந்தப் பட்டம் முடித்தவரும் எம்.ஏ. பொருளியலில் சேரலாம், ஆனால் படிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ரெகுலராகக் கல்லூரியில் சேரலாமே என்றால், 75 விழுக்காடு வருகைப்பதிவு பகல் வேலைக்காரருக்கு ஒத்துவராது.

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி வாரியம், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்று தனித்தனியாக அனுமதி தருகிறது. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கும், அந்த ஆண்டு எம்.ஏ. பொருளியலுக்கு இல்லாமல் போகலாம். வாரியத்தின் இணையதளத்தில் பல்கலைக்கழகம், பாடம், நீங்கள் சேரும் பருவம் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். முறையான அனுமதியோடு பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது; ஆகவே அனுமதிதான் முக்கியம், தொலைநிலை என்பது குறையில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் பலகை மாட்டி, 'ஒரே வருடத்தில் எம்.ஏ., தேர்வு நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தொலைநிலைப் படிப்பைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட விதிமுறையில் இடமே இல்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ரசீதில் தனியார் நிறுவனத்தின் பெயர் இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தமிழா ஆங்கிலமா? இதற்கு எங்கள் பதில் கொஞ்சம் கறாரானது. பள்ளி ஆசிரியர் வேலைக்கு என்றால் தமிழ்வழி நல்லது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமையைக் கணக்கில் வைப்பவர்கள், பள்ளி முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெட், ரிசர்வ் வங்கி, ஆராய்ச்சி என்று போகிறவர்கள் திணறினாலும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதே மேல். பொருளாதார அளவையியலுக்கு (எக்கனாமெட்ரிக்ஸ்) முதுகலைத் தரத்தில் தமிழில் புத்தகம் தேடி அலைவதிலேயே ஒரு பருவம் போய்விடும்.

ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் தமிழில் ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள். அதற்குத் தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடநூல்களைப் போல் உதவும் எதுவுமில்லை. பதினொன்றில் நுண்ணினப் பொருளியல், பன்னிரண்டில் பேரினப் பொருளியல். இரண்டிலும் கடைசிப் பாடம் கணித, புள்ளியியல் முறைகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ், ஆங்கிலப் பதிப்பு இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இறுதிநிலை, நெகிழ்ச்சி, சமநோக்கு வளைகோடு, ரொக்க இருப்பு விருப்பம், ஒட்டுறவு போன்ற சொற்களுக்கு ஒரு கையகராதி உங்கள் நோட்டிலேயே உருவாகும். பதினைந்து நாள் வேலை. முதுகலை படிக்கிறவர் பிளஸ் ஒன் புத்தகம் படிப்பதா என்று கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள்.

காகித வேலை

அரசு ஊழியரும் ஆசிரியரும் வங்கியாளரும் விண்ணப்பத்துக்கு முன்பே அலுவலகத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கடிதத்தில் மூன்று செய்தி இருக்கட்டும்: பல்கலைக்கழகமும் பாடமும், தொலைநிலையில் அலுவலக நேரத்துக்கு வெளியே படிப்பது, தேர்வுக்குத் தகுதியான விடுப்பு மட்டுமே எடுப்பது. ஒப்புகை முத்திரையோடு ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். படித்து முடித்த பிறகு அனுமதி கேட்டால் பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதிவு செய்யும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது தொலைநிலையில் சேர டெப் ஐடி என்ற, தொலைநிலைக் கல்வி வாரியத்தின் மாணவர் எண் தேவை. அதற்கு முன்னால் டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க ஏ.பி.சி. (கல்விக் கிரெடிட் வங்கி) எண் எடுக்க வேண்டும். இரண்டுமே இலவசம், வீட்டிலிருந்தே அரை மணி நேரத்தில் முடியும். முடியாமல் போவது பெரும்பாலும் பெயரால்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', இளங்கலைச் சான்றிதழில் 'எம். செல்வி' என்று இருந்தால் எங்கோ ஓரிடத்தில் தட்டும். சேர்க்கை முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆதாரைத் திருத்த ஓடுவதைவிட, இரண்டு மாதம் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் போல ஆதாரை மாற்றிவிடுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பத்து, பன்னிரண்டு, இளங்கலை மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வேறு பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்திருந்தால் இடப்பெயர்வுச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னது தாமதமாகும்; முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள்.

மணிக்கணக்கு

இக்னோவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதன் கணக்கு வெளிப்படையானது. எம்.ஏ. பொருளியல் 80 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 2,400 மணி. இரண்டே வருடத்தில் முடிக்க வாரம் 23 மணி நேரம் வேண்டும். வேலை, வீடு, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக ஒருவருக்கு உண்மையில் கிடைப்பது வாரம் 12 முதல் 14 மணி. 14 என்றால் 171 வாரம், அதாவது மூன்றேகால் வருடம். அதிகபட்சம் நான்கு வருடம் அனுமதி உண்டு என்பதால் இதில் தப்பில்லை. இரண்டு வருடத் திட்டம் போட்டு முதல் பருவத்திலேயே நான்கு தாள் கட்டி, இரண்டில் தோற்று மனம் உடைவதைவிட, பருவத்துக்கு இரண்டு தாள் என்று எழுதி நல்ல மார்க் வாங்குவது லாபம்.

அந்த 14 மணி எங்கிருந்து வரும்? காலையில் ஐந்தேகால் முதல் ஆறரை வரை வாரம் ஐந்து நாள், ஆறேகால் மணி. ஞாயிறு காலை நான்கு மணி. மீதி மூன்றே முக்கால் மணியைச் சனிக்கிழமை மாலையில் எடுங்கள். செங்கோட்டை, திருச்செந்தூர் பாசஞ்சரில் தினமும் போய்வருகிறவர்கள் அந்த நேரத்தை இதில் சேர்க்காமல் உபரியாக வையுங்கள்: ரயிலில் கோட்பாட்டுப் பாடத்தைப் படிக்கலாம், கணக்குப் போட முடியாது. கணக்குக்கு மேசையும் விடிகாலையும் வேண்டும்.

அடுத்து நாள்காட்டி. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. வருவாய்த்துறைக்காரருக்கு மே, ஜூனில் ஜமாபந்தி வந்து நிற்கும். வங்கிக்காரருக்கு மார்ச் முடியும்வரை தலை நிமிர முடியாது. பள்ளி ஆசிரியருக்கு மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தமும். ஆகவே வருவாய்த்துறையில் இருப்பவர் ஜூனில் ஒரு தாளும் டிசம்பரில் மூன்றும் எழுதுவது புத்திசாலித்தனம். ஆசிரியரும் டிசம்பரையே நம்பலாம். வங்கிக்காரர் ஏப்ரல், மே இரண்டையும் முழுசாகப் பயன்படுத்தினால் ஜூனில் நன்றாக எழுதலாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஜூன், ஜூலையில் வருகிறது. டவுன் பக்கம் மையம் விழுந்தால் தேர் நாளன்று பைக்கை நம்பாதீர்கள். டிசம்பருக்கு வேறு கவலை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி பொங்கி, நெல்லையும் தூத்துக்குடியும் முடங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழை எச்சரிக்கை வந்தால் முந்தின இரவே மையத்துக்குப் பக்கத்து ஊரில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஹால் டிக்கெட்டை இரண்டு அச்செடுத்து ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

கணக்கு: சேர்வதற்கு முன் எட்டு வாரம்

பி.ஏ.வில் வரலாறோ தமிழோ படித்தவரும் எம்.ஏ. பொருளியல் தேறலாம். ஆனால் பல்கலைக்கழகப் புத்தகம் வீட்டுக்கு வந்த பிறகு கணக்கைத் தொடங்கினால் நேரம் போதாது. விண்ணப்பம் போட்ட அன்றே தொடங்குங்கள்.

முதல் இரண்டு வாரம் சார்புகள், நேர்கோடு, வரைபடம், அடுக்கு, மடக்கை. மடக்கையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிறகு நெகிழ்ச்சியை மதிப்பிடும்போது இரண்டு பக்கமும் மடக்கை எடுத்துவிட்டு, வருகிற சாய்வுதான் நெகிழ்ச்சி என்று ஒரே வரியில் முடிப்பார்கள். மூன்று, நான்காம் வாரம் வகைக்கெழு. இறுதிநிலை என்று பொருளியலில் எங்கே வந்தாலும் அது வகைக்கெழுவே. ஐந்தாம் வாரம் பகுதி வகைக்கெழுவும் லக்ராஞ்சியும் (கையிருப்பு போன்ற ஒரு கட்டுப்பாட்டுக்குள் அதிகபட்சத்தைக் காணும் முறை). ஆறில் அணிகள், அணிக்கோவை, கிராமர் விதி. ஏழில் நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல். எட்டில் தொடர்புப் போக்கு, கால்குலேட்டர் மட்டும் வைத்துக் கையால்.

ஐந்தாம் வாரத்தில்தான் பாதிப்பேர் கழன்றுகொள்கிறார்கள். ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். கையில் 240 ரூபாய். வடை ஒன்று 6 ரூபாய், காபி 12. பயன்பாட்டுச் சார்பு, வடை எண்ணிக்கையையும் காபி எண்ணிக்கையையும் பெருக்கினால் வருவது என்று வைப்போம். லக்ராஞ்சி போட்டால் இரண்டு நிபந்தனை கிடைக்கும்: காபி எண்ணிக்கையை வடை விலையால் வகுத்ததும், வடை எண்ணிக்கையைக் காபி விலையால் வகுத்ததும் சமம், மொத்தச் செலவு 240. விடை 20 வடை, 10 காபி. பயன்பாடு 200. இதுவரை எல்லாரும் செய்வார்கள். லக்ராஞ்சியில் கட்டுப்பாட்டோடு பெருக்கிச் சேர்க்கும் எண்தான் லாம்டா; இங்கே 10ஐ 6ஆல் வகுத்தால் 1.67. அது என்ன என்று கேட்டால் மௌனம். பணத்தை 241 ஆக்கி மறுபடி போட்டுப் பாருங்கள்: பயன்பாடு 201.67 ஆகும். கூடுதலாக வந்த ஒரு ரூபாயின் மதிப்புதான் லாம்டா. தேர்வில் இந்த ஒரு வாக்கியத்தை எழுதுகிறவருக்கும் எழுதாதவருக்கும் மார்க்கில் வித்தியாசம் இருக்கும்.

இதுபோலப் பேரினப் பொருளியலில் பெருக்கி: செலவு ஒரு ரூபாய் கூடினால் மொத்த வருமானம் எத்தனை ரூபாய் கூடும் என்பது. இறுதிநிலை நுகர்வு நாட்டம் (கூடுதல் வருமானத்தில் செலவாகும் பங்கு) 0.8 என்றால் பெருக்கி 5. வருமான வரி 25 விழுக்காடு என்று வினாவிலேயே சொல்லியிருப்பார்கள். கவனிக்காமல் 5 என்றே எழுதுவார்கள். 0.8ஐ 0.75ஆல் பெருக்கினால் 0.6, பெருக்கி 2.5. சரிபாதி. வரி, இறக்குமதி என்று வினாவில் ஏதாவது வந்தால் முதலில் அதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டைச் சந்தையில் வைத்துப் படிப்பது

நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏன் ஒரு பருவத்தில் ஏறி அடுத்ததில் சரிகிறது என்பதற்குச் சிலந்திவலை மாதிரி என்று ஒன்று இருக்கிறது. விவசாயி போன பருவத்து விலையைப் பார்த்து இந்தப் பருவம் நடுகிறார் என்பதுதான் அடிப்படை. கற்பனை எண்களில்: தேவை 100லிருந்து இன்றைய விலையைக் கழித்தது, அளிப்பு 10உடன் முந்தின விலையின் பாதியைக் கூட்டியது. சமநிலை விலை 60. ஏதோ காரணத்தால் விலை 80 ஆனால் அடுத்த பருவம் வரத்து 50, விலை 50க்கு விழும். அதைப் பார்த்துக் குறைவாக நடுவார்கள்: வரத்து 35, விலை 65. பிறகு 57.5. விலகல் 20, 10, 5 என்று பாதி பாதியாகக் குறைந்து சமநிலைக்கு வரும். அளிப்புச் சாய்வு தேவைச் சாய்வைவிடப் பெரிதானால் வரவே வராது, வலை விரிந்துகொண்டே போகும். இந்த நிபந்தனையைத்தான் தேர்வில் கேட்பார்கள்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிற பெண்களுக்கு இலையும் தூளும் கொடுத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி தருபவர், அந்த ஊருக்கு ஒரே ஆளாக இருந்தால் அது வாங்குவோர் முற்றுரிமை. அந்த மாதிரியில் குறைந்தபட்சக் கூலியை ஓரளவு உயர்த்தினால் வேலைவாய்ப்பு குறையாமல், கூடவும் செய்யலாம். நிறைவுப் போட்டி மாதிரியில் இதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் உற்பத்தி அமோகமான வருடம் விலை விழுந்து வருமானமும் குறைவது ஏன் என்று யோசித்தால் தேவை நெகிழ்ச்சிப் பாடம் முடிந்தது: விலை குறைந்தது என்பதற்காக யாரும் குழம்பில் இரட்டிப்பாக உப்புப் போடுவதில்லை.

ஒரே ஒரு கவனம். உள்ளூர் உதாரணத்தை விடையின் நடுவில் வைக்கலாம், விடையாக வைக்கக் கூடாது. வரையறை, எடுகோள், வரைபடம், தருவிப்பு, பிறகுதான் பாவூர்சத்திரம்.

அசைன்மென்டும் தேர்வும்

இக்னோவில் அசைன்மென்ட் 30, தேர்வு 70. இரண்டிலும் தனித்தனியாக 40 விழுக்காடு எடுக்க வேண்டும். 55 விழுக்காடு இலக்கு என்றால் இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்: அசைன்மென்டில் நூற்றுக்கு 75 வாங்கினால் தேர்வில் 46.4 போதும். அசைன்மென்டில் 50தான் என்றால் தேர்வில் 57.1 வேண்டும். வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதுகிற தாளில் 25 மார்க்கை விட்டுவிட்டு, மூன்று மணி நேரத் தேர்வு அறையில் பதினோரு மார்க்கைத் துரத்துவது என்ன நியாயம்? கடையில் விற்கிற விடைகளை அப்படியே எழுதுகிறவர்களுக்கு மார்க்கும் குறையும், தேர்வுக்குக் கையும் பழகாது.

தேதிகள் மூன்று வகை, மூன்றும் தனித்தனி. அசைன்மென்ட் ஒப்படைப்பு, தேர்வு விண்ணப்பம், அடுத்த ஆண்டுக்கான மறுபதிவு. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது. அசைன்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்வு விண்ணப்பம் போட மறந்து ஆறு மாதம் இழப்பதுதான் முதல் வருடத்துக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அசைன்மென்ட் வினாக்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருட வினாவுக்கு எழுதினால் திருப்பிவிடுவார்கள். கையால் எழுதி, முழுவதையும் செல்போனில் ஸ்கேன் செய்துவைத்துவிட்டு, ஒப்புகையோடு கொடுங்கள். அக்டோபரில் குலசை தசரா, அடுத்துக் கந்தசஷ்டி என்று வீட்டில் ஆள்நடமாட்டம் கூடும். டிசம்பர் தேர்வு எழுதுகிறவர்கள் அசைன்மென்ட் வேலையை ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும்.

தேர்வு அறையில் 180 நிமிடம், 100 மார்க். வினா படிக்கப் பத்து நிமிடம் விட்டால் மார்க்குக்கு 1.7 நிமிடம். 20 மார்க் வினாவுக்கு 34 நிமிடம், 12 மார்க்குக்கு இருபது. 34 தாண்டினால் பாதியில் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். எழுதாமல் விட்ட முழு வினாவை எதுவும் ஈடுகட்டாது. வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் எழுதாமல் விடுவதும், விலை மாறும்போது வளைகோட்டின் மேலேயே நகர வேண்டியதை வளைகோட்டையே நகர்த்துவதும் மார்க் போகும் இடங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் கலைச்சொல் முதலில் வரும்போது ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் வேறு பாடநூல் மரபில் வந்தவராக இருக்கலாம்.

முந்தைய ஐந்து ஆண்டு வினாத்தாள்களைச் சேர்ந்த முதல் மாதமே இறக்கிவையுங்கள். இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் என்ற அதன் இணையக் களஞ்சியத்தில் யாருக்கும் இலவசம். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களும் கணிதப் பகுதிக்கு அதைப் பார்க்கலாம். ஸ்வயம் தளத்தில் பொருளியல் வகுப்புகள் இருக்கின்றன. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு வீடியோத் தொடர் போதும். மூன்றைத் தொடங்கி எதையும் முடிக்காமல் விடுவது படித்தது போன்ற மயக்கத்தைத் தரும், அவ்வளவுதான்.

ஆய்வறிக்கை

பாடத்திட்டத்தில் திட்ட அறிக்கை இருந்தால் தலைப்பைச் சின்னதாக வையுங்கள். 'தமிழகப் பொருளாதார வளர்ச்சி' என்று போனால் கரை சேர மாட்டீர்கள். 'மகாராஜநகர் உழவர் சந்தை விலைக்கும் வெளிச்சந்தைச் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளி: மூன்று காய்கறிகள், எட்டு வாரம்' என்றால் வேலைக்குப் போகும் வழியிலேயே தரவு சேர்க்கலாம். வினாநிரல் ஆய்வு என்றால் 60 வீடு போதும். 300 என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு 90இல் மூச்சு வாங்குவது வேண்டாம். முதலில் எந்த அட்டவணைகள் வேண்டும் என்று வெற்று அட்டவணையாக வரைந்துகொள்ளுங்கள், பிறகு கேள்வி எழுதுங்கள். வரிசையை மாற்றினால் முப்பது கேள்வி கேட்டுவிட்டு வேண்டிய ஒன்றைக் கேட்காமல் வந்திருப்பீர்கள்.

கணிப்புக்கு கிரெட்ல் என்ற இலவச மென்பொருள் போதும், பழைய மடிக்கணினியிலும் ஓடும். மார்க்கெட் விலைக்கு அக்மார்க்நெட், மாவட்ட எண்களுக்குப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் கையேடு, வேலைவாய்ப்புக்கு 2017-18 முதல் வரும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு (பி.எல்.எஃப்.எஸ்.). அக்மார்க்நெட் விலை குவிண்டாலுக்கு; நீங்கள் சந்தையில் குறித்தது கிலோவுக்கு. நூறால் வகுக்க மறந்த அறிக்கைகள் உண்டு. பல ஆண்டு விலையை ஒப்பிட்டால் விலைக் குறியீட்டால் வகுத்து உண்மை விலையாக்குங்கள். 2004-05ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட உற்பத்தி எண்களையும் 2011-12ஐக் கொண்டவற்றையும் ஒரே வரிசையாக ஒட்டாதீர்கள்.

இந்தப் பக்கத்துக்கே உரிய பொறி ஒன்றும் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் 1986 அக்டோபரில் தூத்துக்குடியையும் 2019 நவம்பரில் தென்காசியையும் பிரித்துக் கொடுத்தது. பழைய கையேட்டில் 'திருநெல்வேலி' என்று இருப்பதும் இன்றைய திருநெல்வேலியும் ஒன்றல்ல. 2018க்கும் 2021க்கும் நடுவில் சாகுபடிப் பரப்பு திடீரென்று சரிந்ததாக வரைபடம் காட்டினால் வறட்சியைக் காரணம் காட்டி இரண்டு பக்கம் எழுதுவதற்கு முன், தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து வட்டங்களைத் திரும்பச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.